சிரிப்புக்குத் தனிச் சத்தம் எதற்கு?

சினிமாவில் சவுண்ட் எஃபெக்ட்ஸ் எடிட்டராக வேலை பார்க்கிறேன். காமெடி, காதல், பேய் எல்லாம் கலந்த படம் வந்தாலே டீமில் எல்லோருக்கும் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்ளும். எங்கே சிரிப்பது, எங்கே பயப்படுவது என்று ஆடியன்ஸ் குழம்பிவிடுவார்களோ என்று, ஹீரோ கால் தடுக்கினால் ஒரு 'டொய்ங்', பேய் எட்டிப் பார்த்தால் காதைக் கிழிக்கிற ஒரு அடி, காதலி திரும்பினால் மணிச் சத்தம் என்று வரிசையாகக் கேட்பார்கள். அப்போதெல்லாம் நான் பார்க்கச் சொல்லும் படம், 2004-ல் வந்த 'ஷான் ஆஃப் தி டெட்'.

எட்கர் ரைட் இயக்கியது, சைமன் பெக்கும் அவரும் சேர்ந்து எழுதியது. ரொமான்டிக் காமெடிதான், ஜாம்பிகளோடு என்று போஸ்டரிலேயே சொல்லிவிட்டார்கள். ஷான் லண்டனில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவன். எப்போது பார்த்தாலும் அதே பப்தானா என்று சலித்துப்போய் காதலி லிஸ் அவனை விட்டுப் பிரிகிறாள், அடுத்து ஊரே ஜாம்பி ஆகிவிடுகிறது. அம்மாவையும் லிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு அவன் ஓடிப் போய் ஒளிவதும் அதே பப்பில்தான்.

ஷான் சாமான் வாங்கப் போகிற ஷாட்டை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஒரு காலையில் வீட்டிலிருந்து பக்கத்துக் கடைக்கு நடந்து போகிறான், கட்டே இல்லாமல் ஒரே ஷாட். ஜாம்பி பரவின பிறகு அதே தெரு, அதே நடை, மறுபடி ஒரே ஷாட். ஃபிரிட்ஜ் கதவில் ரத்தக் கை அச்சு, தரையில் கால் வழுக்குகிறது, தூக்கக் கலக்கத்தில் எதையும் கவனிக்காமல் சாமானை எடுத்துக்கொண்டு திரும்புகிறான். அவன் பார்க்காததை நாம் பார்த்துவிடுகிறோம், சிரிப்பு அங்கேதான் வருகிறது. அதற்கு 'டொய்ங்' எதற்கு?

அப்புறம் பப்பில் ஜூக்பாக்ஸ் என்கிற பாட்டுப் பெட்டி தானாகக் குவீன் இசைக்குழுவின் பாட்டு ஒன்றைப் போட, தாளத்துக்குச் சரியாகக் குச்சியால் ஜாம்பியை அடிக்கிற சீன். வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். கொஞ்ச நேரத்தில் அதே பப்பில், பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று கடிபட்டதை மறைத்த அம்மாவை ஷானே சுட வேண்டி வருகிறது. அவன் அழுகையை யாரும் கேலி ஆக்கவில்லை, பயமும் பாசமும் முழு எடையோடு வருகின்றன. மூன்று ஜானர் முட்டிக்கொண்டும் படம் உடையாமல் நிற்பது அதனால்தான் என்பேன்.

இப்போது கையில் இருக்கும் படத்திலும் இதே சண்டைதான். புருஷன் பெண்டாட்டி சமையலறையில் வாக்குவாதம், பின்னால் பேய் நிற்கிறது. காமெடிச் சத்தம் எல்லாவற்றையும் மியூட் பண்ணி, ஃபேன் சத்தம், வளையல், குக்கர் மட்டும் வைத்து ஓட்டிக் காட்டினேன். "சார், மொட்டையா இருக்கே" என்றார் டைரக்டர். எதுவும் சொல்லாமல் இன்னொரு தடவை ஓட்டினேன். பெண்டாட்டி திரும்பாமலே பேயிடம் உப்பு டப்பாவைக் கேட்கிற இடத்தில் அவரே சிரித்துவிட்டார். அந்தக் குக்கர் விசிலை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார். அது நல்ல யோசனை, வசனம் இன்னும் தெளிவாகக் கேட்கிறது.