பழைய எவின்ரூட் மோட்டாருக்குப் புது காயில், கூடவே புது வயர்

ஓடிக்கொண்டிருக்கும் படகு மோட்டார் பாதியில் நின்றுபோனால் எல்லோரும் முதலில் கை வைப்பது கார்பரேட்டரில்தான். என்னுடையது 1965ஆம் வருட எவின்ரூட், 18 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். காலையில் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். ரைஸ் ஏரியில் கொஞ்ச தூரம் போய் மோட்டார் நன்றாகச் சூடானதும் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் நின்றுவிடும். தூண்டிலைப் போட்டுக் காத்திருந்துவிட்டு மறுபடி இழுத்தால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். என்னோடு மீன்பிடிக்க வரும் அண்ணன் ஒருவர் பருத்தித்துறைக்காரர், ஊரில் மண்ணெண்ணெய் மோட்டார்களோடு வளர்ந்தவர். இதைப் பார்த்துவிட்டு, "தம்பி, சூடேறினா நிக்குது, ஆறினா ஓடுது எண்டா அது எண்ணெய்ப் பிரச்சினை இல்லை, கொயிலைக் கழட்டிப் பாரும்" என்றார்.

இந்த மோட்டாரில் பேட்டரி கிடையாது. ஃப்ளைவீலுக்குள் இருக்கும் காந்தம் சுற்றச் சுற்ற, அடியில் உள்ள இரண்டு காயில்களில், அதாவது கம்பிச் சுருள்களில், மின்சாரம் பிறக்கிறது. பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் திறக்கும் நொடியில் அது பல ஆயிரம் வோல்ட்டாகி பிளக்குக்குப் போகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில், பாயிண்ட், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர். ஐம்பதுகளில் தொடங்கி எழுபதுகள் வரைக்கும் ஜான்சன், எவின்ரூட் இரண்டிலும் சின்ன மோட்டார் முதல் 40 குதிரைத்திறன் வரை ஏறக்குறைய இதே மேக்னெட்டோதான் (காந்தத்தை வைத்துப் பொறி உண்டாக்கும் இந்த அமைப்பின் பெயர் அது). அறுபது வருடப் பழைய மோட்டாருக்கு இன்றைக்கும் புதுக் காயில் சுலபமாகக் கிடைப்பது அதனால்தான்.

மேலே உள்ள ஸ்டார்ட்டரைக் கழற்றி, ஃப்ளைவீல் நட்டை எடுத்து, ஃப்ளைவீலை இழுத்துக் கழற்றும் புல்லர் போட வேண்டும். புல்லரின் போல்ட்டுகள் ஃப்ளைவீலின் நடுவில் இருக்கும் மூன்று துளைகளில் ஏற வேண்டும். விளிம்பில் நகம் மாட்டி இழுக்கும் புல்லரை இதன் பக்கமே கொண்டுவராதீர்கள், ஃப்ளைவீல் வளைந்துவிடும். கழன்று வந்ததும் பார்த்தால், காயிலின் மேலோடு வெயிலில் காய்ந்த வண்டல் மாதிரி வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் நகமே நுழைந்தது. காயில் சூடேறி வெடிப்பு விரியும்போது உயர் மின்னழுத்தம் பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்பில் இறங்கிவிடுகிறது. மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்த்தால் இந்த மாதிரிக் காயில் பெரும்பாலும் நல்லதாகவே காட்டும். மீட்டர் கொடுப்பது ஒன்றிரண்டு வோல்ட்தானே, அதை வைத்து இந்தக் கசிவை எப்படிப் பிடிப்பது? கண்ணால் பார்ப்பதுதான் சரியான சோதனை.

இப்போது வயருக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நிறையப் பேர் காயிலை மாற்றிவிட்டுப் பழைய பிளக் வயரையே திரும்பச் சொருகிவிடுகிறார்கள். காயிலுக்குள் ஒரு சின்ன ஊசி இருக்கிறது, வயரின் நடுவில் இருக்கும் செம்பு இழைகளில் அது குத்தி நிற்க வேண்டும். பழைய வயரின் நுனியை வெட்டிப் பார்த்தேன், செம்பு பச்சையாகப் பூத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. அதில் எந்த ஊசி பிடிக்கும்? இன்னொன்றும் உண்டு. த்ராட்டிலைத் திருப்பும்போதெல்லாம் காயில்கள் உட்கார்ந்திருக்கும் தட்டும் சேர்ந்து திரும்புகிறது, டைமிங், அதாவது பொறி விழும் நேரம், முன்னுக்குப் போவது அப்படித்தான். ஆக, இந்த வயர்கள் ஒவ்வொரு தடவையும் வளைந்து நிமிர்கின்றன. தட்டின் துளை வழியாக வயர் கீழே இறங்கும் இடத்தில்தான் ரப்பர் முதலில் வெடிக்கும், மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது.

வாங்க வேண்டியது 7 மில்லிமீட்டர், செம்புக் கம்பி உள்ள வயர். கார் உதிரிபாகக் கடையில் கேட்டால் கார்பன் நடு உள்ளதை எடுத்து நீட்டுவார்கள். அதில் ஊசி குத்தினாலும் பிடிப்பு நிற்காது, வேண்டாம். பழைய வயரின் நீளத்துக்கே வெட்டி, துளை வழியாக விட்டு, ஊசியில் நேராக அழுத்தித் திருகிச் சொருகினேன். பிளக் பக்கத்து ரப்பர் மூடிக்குள் (பூட்) இருக்கும் ஸ்பிரிங்கின் கூர்முனையும் வயரின் நடுவில் குத்த வேண்டும். ஓரத்தில் குத்தினால் ரப்பரைத்தான் தொடும். பூட் வழுக்கி ஏற மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் போதும். மாட்டிய பிறகு தட்டை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி வயர் எங்கேயாவது இழுபடுகிறதா, ஃப்ளைவீலில் உரசுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வயர் மேல் சிலிண்டருக்குப் போகிறது என்று கழற்றும் முன்பே டேப் ஒட்டிக் குறித்துவிடுவது நல்லது, மாற்றிப் போட்டால் ஓடாது.

காயிலை முடுக்கும்போது அதன் இரும்புக் கால்களின் வெளி விளிம்பு, தட்டில் கடைந்திருக்கும் மேடுகளின் விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். வெளியே தள்ளியிருந்தால் காந்தம் உரசும், உள்ளே போயிருந்தால் ஸ்பார்க் பலம் இழக்கும். இவ்வளவு தூரம் கழற்றியாகிவிட்டது என்பதால் பாயிண்டையும் துடைத்து, 20 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு) இடைவெளிக்கு வைத்தேன். கிராங்க் ஷாஃப்ட்டின் கூம்புப் பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் ஃப்ளைவீலைப் போட வேண்டும். நட்டை 40 முதல் 45 அடி-பவுண்டுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கினேன். குத்துமதிப்பாக இறுக்கினால் ஒருநாள் ஃப்ளைவீலை ஷாஃப்ட்டோடு சரியான இடத்தில் நிறுத்தும் அரைச்சந்திரச் சாவி அறுந்து டைமிங்கே போய்விடும்.

பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தேன். ஸ்பார்க் டெஸ்டரில் கால் அங்குல இடைவெளியைப் பொறி இரண்டு பக்கமும் 'டிக் டிக்' என்று நீலமாகத் தாண்டியது. பழைய காயிலில் அதில் பாதி தூரம் வைத்தாலே மஞ்சளாகத் தடுமாறும். அப்புறம் பெரிய குப்பைத் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து மோட்டாரை அதில் இறக்கி, இருட்டின பிறகு ஓடவிட்டு, பூச்செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் வயர் மேல் லேசாகத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். எங்கேயாவது கசிந்தால் நீலப்பொறி தாவுவது கண்ணுக்குத் தெரியும். எதுவும் தாவவில்லை. காயில்கள் சூடேறும்வரை ஓடவிட்டேன், அடி மாறவே இல்லை. அண்ணனுக்கு வீடியோ அனுப்பினேன். "பிளக்கும் புதுசாப் போட்டனீரோ?" என்று மட்டும் கேட்டார். போட்டிருந்தேன்.