பயந்தது ஒரு எண்ணுக்கு, பழுது இன்னொரு எண்ணில்

கம்ப்யூட்டரில் விளையாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்போது திரை ஒரு கணம் திக்கி நின்றுவிட்டு மறுபடி ஓடும். ஆரம்பத்தில் அரை மணிக்கு ஒருமுறை என்றிருந்தது, போகப்போக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆனது. திரையின் மூலையில் வெப்ப அளவைக் காட்டும்படி வைத்திருந்தேன். ப்ராசஸர் 86 டிகிரி, கிராஃபிக்ஸ் கார்டு 76 டிகிரி. இந்த இரண்டு எண்ணையும் பார்க்கிற யாரும் முதலாவதைத்தான் சந்தேகப்படுவார்கள். நானும் அதையேதான் செய்தேன். அதனால் ஒரு சனிக்கிழமை முழுக்க வீண்.

என்னுடையது ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு. ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று நானே முடிவுகட்டி, கூலரின் திருகுகளைக் கழற்றி, கம்ப்யூட்டர் ஆறிப்போய்க் கிடக்கும் நிலையிலேயே மேல்நோக்கி இழுத்தேன். கூலரோடு ப்ராசஸரும் சேர்ந்து வந்துவிட்டது! ப்ராசஸரைப் பிடித்துவைக்கும் லீவர் பூட்டியபடியே இருக்கிறது, அது உட்காரும் சாக்கெட் காலி. இதுபோல் ஏஎம்4 என்ற சாக்கெட்டில் பொருந்தும் ப்ராசஸர்களில் ஊசிகள் ப்ராசஸரின் அடியில்தான் இருக்கும். அவற்றில் ஒன்று வளைந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். டார்ச் அடித்து வரிசை வரிசையாகப் பார்த்தேன், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியபின் அணைத்து, கூலரை இப்படியும் அப்படியும் லேசாகத் திருகி எடுக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புது பேஸ்ட் வைத்து மூடினேன். 86 இருந்த இடத்தில் 84. திக்கல் அப்படியே இருந்தது.

இந்த விஷயங்களில் ஊறிய நண்பன் ஒருவன் இருக்கிறான். போன் போட்டேன். "86-ன்னு சொல்றியே, அப்ப ஃப்ரீக்வென்சி எவ்வளவு காட்டுது?" என்றான். பார்த்துச் சொன்னேன், எல்லா கோரும் (ப்ராசஸருக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்புப் பகுதிகள்) 4.5 கிகாஹெர்ட்ஸ் வேகம். "ரூம்ல என்ன சூடு?" 31 டிகிரி. "அப்புறம் எதுக்குடா அதைப் போய்க் கழட்டின?"

அவன் கேட்ட முதல் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. 5800எக்ஸுக்குத் தயாரிப்பாளர் வைத்திருக்கும் உச்ச வரம்பு 90 டிகிரி. அதைத் தொட்டால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இதைத்தான் த்ராட்லிங் என்கிறோம். அதையும் மீறி எகிறினால் உருகிப்போகாமல் கம்ப்யூட்டரே அணைந்துவிடும். என்னுடையது வரம்புக்குள் இருந்தது, வேகமும் குறையவில்லை. அப்படியிருக்க அதைக் குற்றவாளி ஆக்கியது என் பயம் மட்டும்தான்.

அந்தப் ப்ராசஸர் சூடாகக் காட்டுவதற்குக் காரணமும் இருக்கிறது. எட்டு கோர்களும் சுமார் 80 சதுர மில்லிமீட்டர் சில்லு ஒன்றுக்குள் அடங்கியிருக்கின்றன, கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய இடம். முழு வேலை கொடுத்தால் ப்ராசஸர் 142 வாட் வரை இழுக்கும், அதில் பெரும்பகுதி அந்தச் சின்னச் சில்லில்தான் இறங்கும். 3070-யின் சில்லோ 392 சதுர மில்லிமீட்டர், கார்டு முழுவதற்கும் சேர்த்து 220 வாட். இரண்டின் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது அதிகம் என்று பார்த்ததே அபத்தம்.

வரம்பும் மாடலுக்கு மாடல் மாறுகிறது. 5600எக்ஸுக்கு 95, 7800எக்ஸ்3டி-க்கு 89, இன்டெல்லின் 12-ஆம் தலைமுறை முதல் 14 வரையிலான டெஸ்க்டாப் கோர் ப்ராசஸர்களுக்குப் பொதுவாக 100. ரைசன் 7000 வரிசையில் 7950எக்ஸ் போன்ற பெரிய ப்ராசஸர்கள், முழுச் சுமை வந்தால் 95-ஐத் தொட்டுக்கொண்டே ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நண்பரின் மெஷினில் 70 காட்டுகிறது, என்னுடையதில் 86 காட்டுகிறது என்று ஒப்பிட்டுத் தூக்கம் கெடுவதில் அர்த்தமில்லை. அறையின் சூடும் கணக்கில் சேரும். அறை 21 டிகிரி இருக்கும் ஒருவருக்கு 76 காட்டினால், 31 டிகிரி அறையில் அதே மெஷின் கிட்டத்தட்ட 86 காட்டும்.

சரி, ப்ராசஸர் இல்லையென்றால் வேறு எது? சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து கார்டின் பகுதிக்கு வந்தேன். ஜிபியு (கார்டின் முக்கியச் சில்லு) டெம்பரேச்சர் என்ற வரியை மட்டும்தான் அதுவரை பார்த்துப் பழக்கம். அதற்குக் கீழே ஹாட் ஸ்பாட் என்று இன்னொரு வரி இருக்கிறது. சில்லின் பல இடங்களில் பதித்திருக்கும் சென்சார்களில் எது அதிகம் காட்டுகிறதோ, அதன் அளவு அது. மேலே 76, அதில் 104. இன்னும் கீழே 'பெர்ஃபார்மன்ஸ் லிமிட் - தெர்மல்' என்ற வரி, திக்கல் வரும் ஒவ்வொரு தடவையும் 'யெஸ்' என்று மாறியது. அதே நொடியில் 1,900 மெகாஹெர்ட்ஸில் இருந்த கார்டு 1,500-க்குக் கீழே விழுந்தது. ஒரு மாதமாக என் கண்ணெதிரே இருந்த வரி!

இரண்டுக்கும் நடுவே 10 முதல் 15 டிகிரி இடைவெளி சகஜம். 28 சகஜமில்லை. கேபினட்டுக்குள் காற்றோட்டம் போதாததாலா என்று பார்க்கப் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு விளையாடினேன். 76 இருந்தது 73 ஆனது, 104 இருந்தது 101 ஆனது. இடைவெளி அதே 28. காற்றுதான் பிரச்சினை என்றால் கதவு திறந்ததும் இரண்டும் தாராளமாக இறங்கியிருக்கும். இங்கே சில்லிலிருந்து அதன் மேல் அமர்ந்து சூட்டை வாங்கும் உலோகப் பகுதியான ஹீட்சிங்குக்கே சூடு சரியாகக் கடக்கவில்லை. ஃபேனை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் அது தீராது.

வாரண்டி முடிந்த கார்டு என்பதால் துணிந்து திறந்தேன். வாரண்டி மிச்சமிருப்பவர்கள் திறக்கும் முன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். ஒவ்வொரு திருகையும் எடுக்குமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். சில்லைச் சுற்றியிருக்கும் நான்கு ஸ்பிரிங் திருகுகளைக் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஃபேன் வயர்கள் குட்டையானவை, அவசரப்பட்டு ஹீட்சிங்கைத் தூக்கினால் பிய்ந்துவிடும். உள்ளே பார்த்தால் பேஸ்ட் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் சில்லு வெறுமனே பளபளத்துக்கொண்டிருந்தது. சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, நாளாக நாளாகப் பேஸ்ட் வெளியே பிதுங்கிவிடுகிறது.

ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். கார்டின் சில்லுக்கு மேல் ப்ராசஸருக்கு இருப்பதுபோல் உலோக மூடி கிடையாது. அதனால் ஓர் ஓரம்கூட விடாமல் பேஸ்ட்டைப் பரப்பினேன். அதுவரை சரி. மெமரி சில்லுகளின் மேல் இருந்த, சூட்டைக் கடத்தும் மென்மையான பட்டைகளான தெர்மல் பேட் இரண்டு, கழற்றும்போதே கிழிந்திருந்தன. கையில் இருந்தது 1.5 மில்லிமீட்டர் பேட். கூடத் தடிமனாக இருந்தால் இன்னும் நன்றாக அழுத்தும் என்று நினைத்து அதையே வெட்டி ஒட்டினேன்.

விளையாட்டைத் திறந்த ஒரே நிமிடத்தில் ஹாட் ஸ்பாட் 105. இடைவெளி 36! முன்பைவிட மோசம். உடனே அணைத்து மறுபடி பிரித்தேன். ஹீட்சிங்கில் பேஸ்ட்டின் தடம் ஒரு மூலையில் மட்டும் அழுத்தமாகப் பதிந்திருந்தது. தடித்த பேட் ஹீட்சிங்கை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்ததால் சில்லோடு அது ஒழுங்காக ஒட்டவே இல்லை. கிழியாமல் இருந்த பழைய பேடை அளந்து பார்த்தேன், 1 மில்லிமீட்டர். முதலிலேயே அளந்திருக்கலாம். சரியான தடிமனில் வாங்கி ஒட்டி, பேஸ்ட்டை மறுபடி வைத்து மூடியதும் ஜிபியு 70, ஹாட் ஸ்பாட் 83. தெர்மல் லிமிட் வரி இரண்டு மணி நேர விளையாட்டு முழுக்க 'நோ'வைவிட்டு அசையவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. கார்டின் அமைப்புகளை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில், எந்த வோல்டேஜில் எவ்வளவு வேகம் என்று காட்டும் வளைகோட்டைத் திறந்து, 0.9 வோல்ட்டில் 1,850 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாதபடி கட்டினேன். 220 வாட் இழுத்துக்கொண்டிருந்த கார்டு 170-ஐ ஒட்டி நின்றது. இழந்தது நொடிக்கு இரண்டு மூன்று ஃப்ரேம், கண்ணுக்குத் தெரியவில்லை. ஹாட் ஸ்பாட் 76-க்கு வந்தது. என் கணக்கில் இப்படி வோல்டேஜைக் குறைத்து ஓட்டும் அண்டர்வோல்ட்டைப் போல மலிவான கூலர் கிடையாது. மெனுவில் சும்மா நிற்கும்போதுகூட 400 ஃப்ரேம் ஓடவிடும் விளையாட்டுகள் உண்டு, ஃப்ரேம் வரம்பு வைத்தால் அந்த வெட்டிச் சூடும் போய்விடும்.

ப்ராசஸருக்குச் செய்ததெல்லாம் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ஒரே ஒரு மாற்றம். பிரவுசரைத் திறந்தாலே 40 டிகிரியிலிருந்து 58-க்குத் தாவி ஃபேன் உறுமும். அது சில விநாடிகளுக்கு மட்டும் வேகம் ஏறி இறங்குவதால் வரும் தாவல், அதில் ஆபத்து இல்லை. ஃபேன் சில விநாடி தாமதித்து எதிர்வினை ஆற்றும்படி வைத்ததும் உறுமல் அடங்கியது. தூசியை ஊதும்போது மட்டும் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்கிறேன். காற்றில் தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் கெடும்.

இப்போது திரையின் மூலையில் ப்ராசஸர் வெப்பத்தைக் காட்டும் வரியை எடுத்துவிட்டேன். அது இன்னும் 84-இல்தான் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஹாட் ஸ்பாட்டும் கார்டின் ஃப்ரீக்வென்சியும் மட்டும் இருக்கின்றன.