பென்சில்வேனியா ஜெர்மன் விவசாயி: பதிவேடுகளில் தேடியதில் இதுவரை தேறியவை

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள பெர்க்ஸ் கவுன்டியில் (மாவட்டத்தில்) 18-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஒரு ஜெர்மானிய விவசாயியைத் தேட, பலரும் கப்பல் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். 1727 முதல் பிலடெல்ஃபியாவில் இறங்கிய, 16 வயது கடந்த ஜெர்மானிய ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது. மனைவி, பிள்ளைகள் பெயர் பெரும்பாலும் இருக்காது. கேப்டன் தந்த பட்டியலில் பெயர்கள் ஆங்கிலக் காதில் விழுந்தபடி இருக்கும். அவரவர் கையெழுத்திட்ட தாளையே நம்பலாம். அதிலும் பெயரின் நடுவே, எழுதத் தெரியாதவர் இடும் குறி இருந்தால், பெயரை எழுதியவர் எழுத்தர்.

குடும்பம் கிடைப்பது ஞானஸ்நானப் பதிவேட்டில். லூத்தரன், ரிஃபார்ம்டு என்ற இரு புராட்டஸ்டன்ட் சபைகள் பல ஊர்களில் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டதால் இரண்டின் ஏடுகளையும் பார்க்க வேண்டும். யோஹான் கியோர்க், யோஹான் பீட்டர் என்று அண்ணன் தம்பி எல்லோருக்கும் முன்னால் யோஹான் வரும். அழைப்பது இரண்டாம் பெயரை. வரிப்பட்டியலில் வெறும் கியோர்க் என்றுதான் இருப்பார். ஞானப்பெற்றோர் பெயர்களை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலும் உறவினர், இல்லையேல் பக்கத்து நிலத்துக்காரர். பெர்க்ஸ் 1752-இல்தான் உருவானது. அதற்கு முந்தைய உயில்களை லான்காஸ்டர், பிலடெல்ஃபியா கவுன்டிகளில் தேட வேண்டும்.

அதிகம் சறுக்குவது மிலிஷியா (குடிமக்கள் படை) பட்டியலில். போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் செல்வாக்கில் இருந்த பென்சில்வேனியாவில் காலனி காலம் முழுக்கக் கட்டாயப் படைச் சேவை கிடையாது. 1747-இலும் 1755-இலும் திரண்டவர்கள் தன்னார்வலர்கள். அமெரிக்க விடுதலைப் போரின்போது வந்த 1777 மார்ச் சட்டம்தான் 18 முதல் 53 வயது வரையிலான வெள்ளை ஆண்களைப் பட்டியலில் சேர்த்தது. ஒவ்வொரு கம்பெனியும், அதாவது படைப்பிரிவும், எட்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. முறை வந்த வகுப்புக்கு இரண்டு மாதச் சேவை. பெயருக்கு அருகே 1 முதல் 8 வரை எண் மட்டும் இருந்தால் அது வகுப்பு எண். அவர் போருக்குப் போனார் என்பதற்கு அது சான்றே அல்ல! பலர் அபராதம் கட்டினார்கள். சிலர் பதிலாளை அனுப்பினார்கள், அந்த ஆள் சொந்த மகனாகவும் இருக்கலாம். தேதியோடு கூடிய வருகைப் பட்டியலோ சம்பளப் பட்டியலோ கிடைத்தால்தான் 'சேவை செய்தார்' என்று எழுதலாம்.

அப்பனும் மகனும் ஒரே பெயரா? வரிப்பட்டியலை வருடவாரியாக விரியுங்கள். மணமாகாத இளைஞர்கள் பட்டியலின் கடைசியில் தனியாக இருப்பார்கள். அங்கிருந்து ஏக்கர், குதிரை, மாடு கணக்குள்ள வரிசைக்கு ஒரு பெயர் நகரும் ஆண்டையொட்டித் திருமணப் பதிவைத் தேடலாம்.