லைவ் யூஎஸ்பில ஹேங் ஆகலைன்னா விண்டோஸ் தான் காரணம்னு எவன் சொன்னான்?

கடுப்புல தான் எழுதுறேன். இங்க டர்பன்ல, சாட்ஸ்வொர்த் வீட்டுல இருக்கிற டெஸ்க்டாப் திடீர் திடீர்னு ஹேங் ஆகும். மவுஸ் மட்டும் நகரும், எதைக் கிளிக் பண்ணாலும் திறக்காது, ஹார்ட் டிஸ்க் லைட் அணையாம எரிஞ்சுட்டே இருக்கும், அப்புறம் தானா உயிர் வரும், சில நேரம் பவர் பட்டன அமுக்கிப் பிடிச்சா தான் உண்டு.

கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கவர்கூட கழட்டாம "லோட் ஷெட்டிங்ல கரண்ட் போயிப் போயி வந்து விண்டோஸ் கெட்டுப்போச்சு அங்கிள்"னு சொல்லிட்டான் அந்தப் பையன். (லோட் ஷெட்டிங்னா முறை வச்சு கரண்ட் கட் பண்றது, இந்த ஊர்ல அது மேல பழியப் போட்டா யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க.) காசு வாங்கிட்டு ரீஇன்ஸ்டால் பண்ணிக் குடுத்தான், வீட்டுக்கு வந்ததும் திரும்ப அதே ஹேங். மறுபடி போனா லினக்ஸ் லைவ் யூஎஸ்பி (விண்டோஸுக்குப் பதிலா பென் டிரைவ்ல இருந்தே லினக்ஸ ஓட்டுறது) போட்டு, பிரவுசர்ல கொஞ்ச நேரம் வீடியோ ஓட்டிக் காமிச்சு, "பாருங்க ஹேங் ஆகல, ஹார்ட்வேர் பக்கா, விண்டோஸ் தான், இன்னொரு தடவ போடலாம், சார்ஜ் தனி"ங்கிறான்!

அட, லைவ் யூஎஸ்பில ஓடும்போது, நாமளா திறக்காத வரைக்கும் உள்ள இருக்கிற டிஸ்க்குக்குப் பெருசா வேலையே இருக்காதேப்பா. ராம், பிராசஸர், கிராபிக்ஸ் சரியா இருக்குன்னு வேணா ஓரளவு சொல்லலாம், டிஸ்க், அதோட கேபிள், கேபிள் சொருகுற போர்ட் மூணும் சரியா சோதனைக்கே வரலையே. பொட்டியத் தூக்கிட்டு வந்துட்டேன்.

ராம சோதிக்கிற மெம்டெஸ்ட் புரோகிராம் ராத்திரி முழுக்க ஓடுச்சு, ஒரு எரரும் இல்ல. சூடும் சரியா தான் இருந்துச்சு. அப்புறம் லைவ் யூஎஸ்பில போயி உள்ள இருக்கிற டிஸ்க்கத் திறந்து பெரிய வீடியோ ஃபோல்டர் ஒண்ண வெளி டிரைவுக்குக் காப்பி போட்டேன் (விண்டோஸ்ல இருந்து வரும்போது ஷட் டவுன் குடுக்காதீங்க, ரீஸ்டார்ட் குடுங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா லினக்ஸ் டிஸ்க்கத் திறக்க அடம் பிடிக்கும்). பாதில காப்பி அப்படியே நின்னுச்சு! கெர்னல் லாக்ல (லினக்ஸ் தானே எழுதி வைக்கிற குறிப்பு) பாத்தா "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்"னு வரி வரியா, அதாவது டிஸ்க்கோட இணைப்ப திரும்பத் திரும்ப ரீசெட் பண்ணுது. விண்டோஸே இல்லாத எடத்துல அதே ஹேங்.

அடுத்து ஸ்மார்ட் ரிப்போர்ட், டிஸ்க் தன்னோட உடம்பு நிலைய தானே எழுதி வைக்கிற கணக்கு. அதுல 05, சி5ங்கிற வரிகள் ரெண்டும் ஜீரோ, அதாவது டிஸ்க்ல கெட்ட செக்டர் எதுவும் பதிவாகல. ஆனா சி7 எகிறிக் கிடக்கு. அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல டேட்டா கெட்டுப் போற கணக்கு, பெரும்பாலும் ரெண்டையும் இணைக்கிற சாட்டா கேபிள் தான் காரணம். மூடியத் திறந்தா கேபிள் சைடு பேனல்ல அமுங்கி மடங்கியிருக்கு. புதுசு மாட்டினேன், போர்ட்ட மாத்தல, ரெண்டையும் சேத்து மாத்தினா எது காரணம்னு தெரியாதில்ல. ஹேங் அன்னையோட போச்சு. சி7 எண் கொறையாது, பயப்படாதீங்க, மேல ஏறாம இருந்தா போதும்.

விண்டோஸோட ஈவென்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41ங்கிற எரரப் பாத்து பவர் சப்ளை வாங்க ஓடாதீங்க, ஒழுங்கா ஷட் டவுன் ஆகலன்னு மட்டும் தான் அது சொல்லுது. ஹேங் ஆனா கேப்ஸ் லாக் அமுக்கிப் பாருங்க, லைட் மாறினா மெஷின் முழுசா சாகல, எதுக்கோ காத்துட்டு நிக்குது.

ரீஇன்ஸ்டால் காசத் திருப்பிக் கேட்டேன். "அது லேபர் அங்கிள்"னுட்டான்.