20 மீற்றர் உயரத்து வெளிச்சம்

முல்லைத்தீவுக் கரையில் நில அளவைக்குப் போனால் நிமிர்ந்து பார்த்துக் குறி வைக்க எதுவும் கிடைக்காது. மலை இல்லை, மேடு இல்லை. ஒரு பக்கம் நந்திக்கடல் களப்பு, மறுபக்கம் பெருங்கடல், நடுவே மணல். 2004 டிசம்பரில் கடல் ஏறி வந்து கொண்டுபோனது போக, மிச்சமிருந்த அடையாளங்களைப் போர் தின்றது. காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கும் வேலியையும் கிணற்றையும் தேடி அலைவோம். அப்போது வயதானவர்கள் கை நீட்டி, "வெளிச்சவீட்டுக்கு இந்தப் பக்கம், தம்பி" என்பார்கள். கை நீட்டிய இடத்தில் வெறும் வானம்தான் இருக்கும்.

அந்த வெளிச்சவீடு, அதாவது கலங்கரை விளக்கம், 1896இல் கட்டப்பட்டது. உயரம் 20 மீற்றர். போரில் அழிந்தது. தெற்கே தேவேந்திரமுனையில் 1890இல் ஏற்றிய விளக்கின் கோபுரம் 49 மீற்றர், நாட்டிலேயே உயரமானது. பருத்தித்துறையில் 1916இல் எழுந்தது 32 மீற்றர். இவற்றோடு பார்த்தால் நம்முடையது சிறிசுதான். ஆனால் அளவைக்காரன் கண்ணுக்கு அது குறைவாகத் தெரியவில்லை. பூமி வளைந்திருப்பதால், விளக்கு தெரியும் தூரம் உயரத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். கோபுரத்தை இருமடங்கு உயர்த்தினாலும் தூரம் இருமடங்காகாது, அதற்கு நான்கு மடங்கு உயர்த்த வேண்டும். கரையை ஒட்டித் தொழில் செய்கிற வள்ளங்களுக்கு 20 மீற்றர் நல்ல கணக்கு.

இதை எனக்கு விளங்க வைத்தவர், ஒரு காணிக்கு எல்லை காட்ட வந்த ஐயா. இளமையில் இரவுத் தொழிலுக்குப் போனவர். "வள்ளத்துக்குள்ள குந்தியிருந்தா வெளிச்சம் தெரியாது. எழும்பி நிண்டா ஒரு பொட்டுத் தெரியும். அந்த இடம் வந்தா, கரை எவ்வளவு தூரமெண்டு சொல்லிப்போடலாம்" என்றார்.

அன்று மாலையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளக்கு 20 மீற்றரில் என்று வைத்துக்கொள்வோம். கண் நீருக்கு 1 மீற்றர் மேலே இருந்தால், வானம் தெளிவான இரவில், ஏறக்குறைய 21 கிலோமீற்றரில் விளக்கு தொடுவானத்துக்கு மேலே எழும். எழுந்து நின்று கண் 2 மீற்றருக்கு வந்தால் 22.5 கிலோமீற்றரிலேயே எழுந்துவிடும். இடைப்பட்ட அந்த ஒன்றரைக் கிலோமீற்றர் பட்டைக்குள் வந்ததும் அவருக்குத் தன் இடம் தெரிந்துவிடும். ஒரு கருவியும் இல்லாமல், முழங்காலை நிமிர்த்தியே அவர் தூரம் அளந்திருக்கிறார். எங்கள் தொழிலில் இதைவிட அழகான அளவையை நான் கண்டதில்லை.

இப்போது வள்ளங்களில் ஜிபிஎஸ் உண்டு, நல்லதுதான். ஆனால் அது உப்புநீர் பட்டாலோ பற்றரி இறங்கினாலோ பேசாது. சரி, பழைய கோபுரத்தைத் திரும்பக் கட்டுவது பெரிய செலவு. அது நின்ற இடத்தில் ஆண்டு, உயரம், விளக்கு தெரிந்த தூரம் மூன்றையும் எழுதி ஒரு பலகையாவது நாட்டலாம். பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து இந்தக் கணக்கைச் செய்து பார்க்கட்டும். இடத்தை அளந்து குறித்துக் கொடுக்க நான் கூலி கேட்கமாட்டேன்.