கடைசி ஆள் வந்து சேரும்வரை: வேளாங்கண்ணி பாதயாத்திரை

ஆகஸ்ட் 29 கொடியேற்றம். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. இந்த நாட்களில் தஞ்சாவூர் சாலையில் காவி உடுத்தி நடப்பவர்களிடம் எதற்கு நடக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை பிழைத்ததற்கு ஒருவர் வருவார். பிள்ளை வேண்டி ஒருவர். தாத்தா நேர்ந்துகொண்டு நிறைவேற்றாமல் போன கடனைத் தீர்க்க இன்னொருவர். வேண்டுதல் ஆளுக்கொன்று, நடை மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள், அதாவது ஒரு பங்கிலிருந்து சேர்ந்து கிளம்பும் குழுக்கள் பெரும்பாலும் தடுமாறுவது இதில்தான்.

தஞ்சாவூரிலிருந்து அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர் வழியாகச் சுமார் 90 கி.மீ. இளவட்டங்கள் மட்டும் என்றால் மூன்று நாள் போதும். பாட்டிமாரும் பிள்ளைகளும் சேர்ந்தால் நான்கு நாள் வேண்டும். விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் 15 கி.மீ., மீதியை மாலை நாலரைக்கு மேல் நடக்கலாம். 50 நிமிடம் நடை, 10 நிமிடம் ஓய்வு. டெல்டா வெயிலில் பகல் 11 மணி தார்ச்சாலை வெறுங்காலைப் பொசுக்கிவிடும். செருப்பில்லாமல் நடக்க நேர்ந்துகொண்டவர்கள் அந்த நேரத்தில் கட்டாயம் நிழலில் இருக்க வேண்டும்.

விவிலியத்தில் எபேசியர் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுலடிகள் முதிர்ச்சியைப் பற்றிப் பேசும்போது அதைத் தனி ஒருவரின் சாதனையாகச் சொல்வதில்லை. நாம் எல்லாரும் சேர்ந்து எட்ட வேண்டிய வளர்ச்சி என்கிறார். உடல் முழுவதும் கணுக்களால், அதாவது மூட்டுகளால், இணைக்கப்பட்டிருக்கிறது என்று பழைய மொழிபெயர்ப்பில் வரும். இரண்டாம் நாள் சாயங்காலம் கணுக்கால் வீங்கியவருக்கு அதற்கு விளக்கவுரை வேண்டாம். வலது காலில் கொப்புளம் வந்தால் இடது காலை ஊன்றி நடப்போம். மறுநாள் இடது இடுப்பு பிடித்துக்கொள்ளும். குழுவும் அப்படித்தான்.

அதனால் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். வேகக்காரர்கள் முன்னால் போனால் ஒரு மணி நேரத்தில் கூட்டம் ஒரு கிலோமீட்டருக்கு நீண்டுவிடும். முன்னால் போனவர்கள் ஓய்வெடுத்து எழும்போது பின்னால் வருபவர் அப்போதுதான் வந்து சேர்வார். உட்காராமலே அவரும் கிளம்ப வேண்டியிருக்கும். பாதியில் பஸ் ஏறித் திரும்பும் பலருக்கு இதுதான் காரணம். பக்தியில் ஒரு குறையும் இருக்காது, ஓய்வு கிடைத்திருக்காது, அவ்வளவுதான். கடைசி ஆளாக, பொறுமையும் அனுபவமும் உள்ள ஒருவரை நிறுத்துங்கள். அவர் கையில் சிவப்பு விளக்கு, பையில் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பஞ்சு, தேங்காய் எண்ணெய் இருக்கட்டும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. மாதா சிலை வைத்த சப்பரம் தள்ளுவதற்குப் போட்டி நடக்கும், இந்த வேலைக்கு ஆள் வராது. குழுவில் மூத்த விசுவாசி யார் என்று பார்க்க வேண்டுமானால் அங்கே பாருங்கள்.

கொப்புளத்தைக் கூடியவரை உடைக்காதீர்கள். நடக்கவே முடியாத அளவு பெருத்தால் மட்டும், கொதிநீரில் போட்டெடுத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடிய விட வேண்டும். மேல்தோலை உரிக்கக் கூடாது, உரித்தால் சீழ் பிடிக்கும். சர்க்கரை நோயாளிகள் ஊசி பக்கமே போகக் கூடாது, நேராக மருத்துவ முகாமுக்குப் போய்விட வேண்டும்.

செபமாலையில் ஒரு சிக்கல் வரும். அதைப் பத்துப் பத்து மணிகளாக ஐந்து முறை சொல்வோம். பெரியவர்கள் ‘அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே’ என்பார்கள், பிள்ளைகள் ‘தூய மரியே, இறைவனின் தாயே’ என்பார்கள். இருட்டில் இரண்டும் மோதி, குரலை உயர்த்தி, கடைசியில் மைக்கைப் பிடித்தவர் ஜெயிப்பார். அதற்கு ஒரு வழி உண்டு: ஒரு பத்து பழைய முறையில், அடுத்த பத்து புதிய முறையில். மூன்றாம் நாள் பாருங்கள், பேரன் ‘சர்வேசுரனுடைய மாதாவே’ என்று சொல்லிக்கொண்டு நடப்பான்.

சோறும் ஒரே அண்டாவில் வேகட்டும். ஒரு தெருக்காரர்கள் தனியாக அடுப்பு மூட்டினால், திருப்பலியில் ஒரே அப்பத்தில் பங்கு கொள்ள 90 கி.மீ. நடப்பதற்கு என்ன பொருள்? இதைக் கிளம்புவதற்கு முன்பே, பங்குத்தந்தை முன்னிலையில் பேசி முடித்துவிட வேண்டும். வழியில் பேசினால் சண்டையில் முடியும். பரிமாறும்போது கடைசி ஆள் வந்த பிறகே அண்டாவைத் திறக்க வேண்டும்.

ஊருக்குள் நுழைந்ததும் மனம் நோகும். அறை பிடித்துத் தருகிறேன் என்று தோளைப் பிடித்து இழுப்பவர்கள், மாலையைக் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்பவர்கள், இருக்கும் மெழுகுவர்த்தி போதாது என்று பெரியதை நீட்டுபவர்கள். நாலு நாள் செபித்து வந்த வாய் அங்கே கடுஞ்சொல் பேசிவிடும். காணிக்கை சாமான்களை ஊரிலிருந்தே கொண்டுவந்து, பணத்தை ஒருவர் கையில் மட்டும் வைத்திருந்தால் பாதித் தொல்லை குறையும்.

முழங்காலில் போவதாக நேர்ந்துகொண்டவர்கள் பேராலயத்திலிருந்து மாதா குளம் போகும் மணல் பாதையில் விடியலிலோ வெயில் தாழ்ந்தோ போகலாம். உச்சி வெயிலில் மணல் தோலைப் பிய்த்துவிடும். இரண்டு துண்டு இருந்தால் போதும். ஒன்றில் அவர் முழங்கால் ஊன்றியிருக்க, மற்றதை முன்னால் விரிக்க வேண்டும். அவர் நகர்ந்ததும் பின்னதை உருவி மணலை உதறி மறுபடி முன்னால். நேர்ந்தது ஒரு தாய், துண்டு விரிப்பது யார் வீட்டுப் பிள்ளையோ. அந்தப் பிள்ளை குனிந்து குனிந்து விரிக்க, அவர் கண்ணீர் அந்தத் துண்டிலேயே விழும். அம்மா மாதாவே, இதை எத்தனை முறை பார்த்தாலும் தொண்டை அடைக்கிறது.

உள்ளே பீடத்தின் முன்னால் நிற்கக் கிடைப்பது சில நொடிதான். பின்னாலிருந்து தள்ளுவார்கள். சேலை உடுத்தி, பாலனைக் கையில் ஏந்தி நிற்கும் அந்த முகத்தைப் பார்த்ததும், மனப்பாடம் செய்து வந்த வேண்டுதல் மறந்துபோகும். நன்றி அம்மா, நன்றி அம்மா என்று மட்டும்தான் வரும். அதற்காக வருந்தாதீர்கள், நாலு நாளாக உங்கள் வேண்டுதலைக் குழுவே செபமாலையில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது. அவளுக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் ஒன்று. ஆலயம் கண்ணில் பட்டதும் கால் தானாக ஓடும். ஓடாமல் வாசலில் நில்லுங்கள். சிவப்பு விளக்குடன் கடைசி ஆள் வந்து சேரட்டும். அவரையும் அவர் தோளைப் பிடித்து வரும் பாட்டியையும் முதலில் உள்ளே அனுப்பிவிட்டு, பின்னால் போங்கள். மரியே வாழ்க!