திண்டிவனம் என்று பதில் சொன்ன மாணவி

"இந்த உதவித்தொகையைப் பெற்றால் உங்கள் நிறுவனத்துக்கு வேலைக்கு வந்துதான் ஆக வேண்டுமா, மேடம்?" என்று அந்த மாணவி கேட்டார். "இல்லை" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார்.

நான் சொன்னது உண்மை. எங்கள் சட்ட நிறுவனம் சட்ட மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகைக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது, பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும் கிடையாது. படிப்பு முடிந்ததும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். விதிமுறைகளை எழுதியவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். ஆனாலும் தேர்வு முடிவு வெளியான நாளிலிருந்து அந்த "இல்லை" என்னை விடவில்லை. வேறு எப்படிப் பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குத் தோன்றும் ஒவ்வொரு பதிலும் அதைவிட மோசமாகத்தான் இருக்கிறது.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு வாக்கியம். அதற்கு முன்பு மூத்த பார்ட்னர், "ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?" என்று எல்லாரிடமும் கேட்பதையே அவரிடமும் கேட்டிருந்தார். மும்பை, டெல்லி, சிங்கப்பூர் என்று பதில் வருவதுதான் வழக்கம். இவர் "திண்டிவனம் கோர்ட்டில்" என்றார். பஞ்சமி நில வழக்குகளை நடத்தப்போவதாகச் சொன்னார். அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனம் அவருக்கு எதிராகப் போய்விடக் கூடாது என்று நினைத்து நான்தான் குறுக்கிட்டேன். "எங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தில் சில வருடம் வேலை கற்றுக்கொண்டு பிறகு போகலாமே?" என்றேன். அவருக்கு ஒரு வழியைத் திறந்துவிடுவதாகத்தான் எண்ணினேன். அவர் அதை ஒரு நிபந்தனையின் முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டார். சட்டம் படிக்கிறவர் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சமி நிலம் என்ற சொல் அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் வேறு பக்கத்திலிருந்து. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892-இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அப்படி ஒதுக்கியதுதான் பஞ்சமி நிலம். சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள். பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதில் எவ்வளவு கைமாறிப் போனது என்பது வட தமிழகத்துக்காரர் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1994-இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் தொடங்கிய மீட்புப் போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அந்த மாணவி பிறப்பதற்குப் பல வருடம் முன்பு நடந்தது. அவர் அதை நேற்று நடந்ததைப் போலச் சொன்னார்.

எங்கள் நிறுவனமும் நிலத்தில் வேலை செய்கிறது. தொழிற்சாலைக்கு, சேமிப்புக் கிடங்குக்கு, அடுக்குமாடிக்கு நிலம் வாங்குகிற கட்சிக்காரர்களுக்காக மூலப் பத்திரத்திலிருந்து பார்ப்போம். வில்லங்கச் சான்று எடுப்போம், தாலுகா அலுவலகத்தில் நில விவரங்கள் இருக்கும் 'ஏ' பதிவேட்டைப் புரட்டுவோம். 'டி.சி. கண்டிஷன்' (ஒடுக்கப்பட்டோருக்கான நிபந்தனை நிலம்) என்று எங்காவது ஒரு குறிப்பு தென்பட்டால் அந்த சர்வே எண்ணைத் தவிர்த்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுப்போம். நானே இப்படிப் பல அறிக்கைகளை எழுதியிருக்கிறேன். நேர்மையான வேலை. வாங்கக் கூடாத நிலத்தை வாங்காதே என்று சொல்கிற வேலை. ஆனால் அறிக்கையோடு எங்கள் வேலை முடிந்துவிடும். அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது, யாரிடமிருந்து போனது என்று நாங்கள் கேட்பதில்லை. அந்தப் பெண் கேட்க விரும்பியது அதைத்தான். எங்கள் கட்சிக்காரர் ஒருவருக்கு எதிராக இவர் ஒரு நாள் ஆஜராகக்கூடும் என்று அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருடைய மனதிலும் அது ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். என் மனதில் ஓடியது.

இறுதிச் சுற்றில் ஓர் இடத்துக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். இன்னொருவர் ஆம்பூர்ப் பக்கம். அப்பா காலணித் தொழிற்சாலையில் தொழிலாளி. வீட்டில் முதல் பட்டதாரி. நிறுவனங்களை இணைப்பதும் வாங்குவதும் தொடர்பான சட்டத்தில் அவருக்கு உண்மையான ஆர்வம் இருந்தது. எங்களைக் குஷிப்படுத்தப் படித்துவிட்டு வந்த பதில்கள் என்று சொல்லவே முடியாது. (அடையாளம் தெரியாமலிருக்க இருவரைப் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இருவருமே தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதி ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தவர்கள். 4,000 ரூபாய் விண்ணப்பக் கட்டணம், தாழ்த்தப்பட்டோருக்கு 3,500 ரூபாய். கேள்விகள் முழுக்க ஆங்கிலத்தில் மட்டும். நீளமான பத்திகளைப் படித்து இரண்டு மணி நேரத்தில் பதில் எழுத வேண்டும். தமிழ்வழிப் பள்ளியிலிருந்து அந்தத் தேர்வைத் தாண்டி வந்தவர்களிடம் "உங்கள் தகுதி என்ன?" என்று கேட்பதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

எங்கள் மதிப்பெண் தாளில் ஒரு கட்டம் உண்டு: 'நிறுவனத்தின் துறைகளில் ஈடுபாடு'. பெரிய எடையுள்ளது இல்லை. ஆனால் மற்றவை எல்லாம் சமமாக இருந்ததால் அந்தக் கட்டம்தான் முடிவு செய்தது. தேர்வுக் குழுவில் என்னோடு இருந்த இருவரும் ஆளுக்கு ஒருவர் பக்கம் இருந்தார்கள். மூத்த பார்ட்னர் அந்தப் பெண்ணின் பக்கம் இருந்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மூன்றாவது தாள் என்னுடையது. ஆம்பூர் மாணவருக்கு அந்தக் கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டேன். அந்த மாணவிக்குப் பாதி போட்டேன்.

இதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது, அதில் எனக்கு நம்பிக்கையும் இருக்கிறது. இடஒதுக்கீடு சட்டக் கல்லூரி வரை வருகிறது. தனியார் சட்ட நிறுவனங்களின் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே எத்தனை பேர் எந்தப் பின்னணியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று எங்களைக் கேட்க எந்தச் சட்டமும் இல்லை. நான் சேர்ந்தபோது "அப்பா எந்தக் கோர்ட்டில் பிராக்டீஸ்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அப்பா வக்கீலாகத்தான் இருப்பார் என்பது அவர்களுக்கு அவ்வளவு இயல்பு. என் அப்பா மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். பல வருடம் கூட்டங்களில் வாய் திறப்பதற்கு முன்பு வாக்கியத்தை மனதுக்குள் ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். அந்த மேசையைச் சுற்றி இன்னும் நாலு பேர் என்னைப் போல இருந்திருந்தால் அவ்வளவு பயம் இருந்திருக்காது. அதற்காகத்தான் இந்த உதவித்தொகையைத் தொடங்கச் சொல்லி நான் மன்றாடினேன். இதைப் பெறுகிறவர்கள் எல்லாரும் மாவட்ட நீதிமன்றங்களுக்கே போய்விட்டால் எங்கள் அறைகள் எப்போது மாறும்?

இன்னொன்றும் உண்டு. சட்ட நிறுவனங்கள் கம்பெனிகள் அல்ல, பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டாண்மையாகவோ, வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மையாகவோ (LLP) நடப்பவை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு சொல்கிற கட்டாயச் சமூகப் பொறுப்புச் செலவு அவற்றுக்குக் கிடையாது. யாரும் வற்புறுத்தாமல் பார்ட்னர்கள் தங்கள் லாபத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிற பணம் இது. அதிலிருந்து தங்களுக்கும் ஒரு பலன் வேண்டும் என்று அவர்கள் நினைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் ஒரு கணக்கு இடிக்கிறது. ஆம்பூர் மாணவருக்குப் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தால் முதல் ஆண்டிலேயே 15 லட்சத்துக்கு மேல் சம்பளம் வரும். கல்விக் கடன் வாங்கியிருந்தாலும் அடைத்துவிடுவார். திண்டிவனத்துக்குப் போகிறவரின் நிலைமை வேறு. ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயாவது கொடுங்கள், சென்னை, மதுரை, கோவை தவிர்த்த ஊர்களில் 15,000 ஆவது கொடுங்கள் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதுவரை என்ன கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது விளங்கும். பஸ் செலவுக்குச் சீனியர் கொடுப்பதுதான் பல ஊர்களில் ஊதியம். பதிவுக் கட்டணமாகச் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல், தாழ்த்தப்பட்டவர்களிடமும் பழங்குடியினரிடமும் 125 ரூபாய்க்கு மேல் பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்பதற்கே 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது. பணம் யாருக்கு அதிகம் தேவைப்பட்டது என்று மட்டும் கேட்டால் பதிலில் சந்தேகமே இல்லை.

"அந்தப் பெண்ணுக்கு அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்கும்" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கிடைக்கும்தான், குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருப்பதால். ஆனால் அது மாதங்கள் கழித்து வந்து சேரும். டெல்லியில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்குப் போனால் அறை வாடகையை அது கொடுக்காது. நான்காவது ஆண்டுக்குள் இரண்டு மூன்று நல்ல இடங்களில் இன்டர்ன்ஷிப் செய்யாதவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வசதியில்லாத மாணவர்கள் பின்தங்குவது வகுப்பறையில் இல்லை, இந்த விடுமுறை மாதங்களில்தான். நான் இதையெல்லாம் அன்று சொல்லியிருந்தால் தாள்கள் மாறியிருக்குமா என்று தெரியவில்லை. சொல்லவில்லை, ஏனென்றால் என் முடிவுக்கு அது தேவையாக இருக்கவில்லை.

பிறகு நீதிபதிகள். 2018 முதல் 2023 ஜூலை வரை உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 604 பேரில் 458 பேர் பொதுப்பிரிவினர், 18 பேர் தாழ்த்தப்பட்டோர், 9 பேர் பழங்குடியினர் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நீதிபதிகள் எங்கிருந்து வருகிறார்கள்? கோர்ட்டில் நின்று வாதாடுகிறவர்களிடமிருந்தும் மாவட்ட நீதித்துறையிலிருந்தும் வருகிறார்கள். ஒப்பந்தம் எழுதுகிற எங்களிடமிருந்து வருகிறவர்கள் மிகமிகக் குறைவு. பன்முகத்தன்மை வேண்டும் என்று சொல்லும்போது நான் கேட்டது சட்டத் துறைக்கா, எங்கள் அலுவலகத்துக்கா? இரண்டும் ஒன்றுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

2010-இல் ஐடியா (IDIA) அமைப்பைத் தொடங்கிய சட்டப் பேராசிரியர் ஷம்னாத் பஷீரைப் பற்றி இப்போது அடிக்கடி நினைக்கிறேன். ஒதுக்கப்பட்ட வீடுகளின் பிள்ளைகளைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுவருவதோடு அவர் நிற்கவில்லை. அவர்கள் தங்கள் சமூகங்களுக்காகப் பேசுகிறவர்களாகவும் வளர வேண்டும் என்று விரும்பினார். 2019-இல் காலமாகிவிட்டார். அந்த மாணவியின் பதிலைக் கேட்டிருந்தால் அவர் எந்தக் கட்டத்தில் எத்தனை போட்டிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை.

முடிவு வெளியான பின் அந்த மாணவி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். எதில் குறைந்தேன் என்று தெரிந்தால் அடுத்த விண்ணப்பத்தில் சரிசெய்துகொள்வேன் என்று பணிவாகக் கேட்டிருந்தார். எதைச் சரிசெய்யச் சொல்வேன்? திண்டிவனத்தையா? உங்களிடம் எந்தக் குறையும் இல்லை, இடம் ஒன்றுதான் இருந்தது என்று எழுதினேன். அதுவும் உண்மைதான். என் சொந்தப் பொறுப்பில் ஒரு நில உரிமை வழக்கறிஞரிடம் அவருக்கு இன்டர்ன்ஷிப்புக்குச் சொல்லிவைத்தேன். போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன்.

அந்தக் கட்டத்தை அறிவிப்பிலேயே அச்சிட்டுவிடலாம், விண்ணப்பிக்கிறவர்களுக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்று குழுவில் சொல்லிப் பார்த்தேன். "அச்சிட்டால் எல்லாரும் கார்ப்பரேட் சட்டம் என்றுதான் எழுதுவார்கள். உண்மையைச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்" என்றார் மூத்த பார்ட்னர். அவர் சொன்னது சரி. அச்சிடாமல் வைத்தால் உண்மையைச் சொல்கிறவர் தோற்கிறார் என்பதும் சரி.

இந்த ஆண்டு நான் வைக்கப்போகும் யோசனை வேறு. உதவித்தொகையை இரண்டாகப் பிரிப்பது: ஒன்றில் அந்தக் கட்டம் வெளிப்படையாக இருக்கட்டும், இன்னொன்றில் அந்தக் கட்டமே வேண்டாம். ஆம்பூர் மாணவருக்குப் போட்ட மதிப்பெண்ணை இன்றைக்கும் நான் குறைக்க மாட்டேன். அவர் வரும்போது எங்கள் மேசையில் அவருக்கு இடம் இருக்க வேண்டும் என்ற ஆசையும் குறையவில்லை. ஆனால் நிலப் பத்திரங்களைப் படித்துச் சம்பாதிக்கிற நிறுவனம், அதே நிலத்தைத் திரும்பக் கேட்கப் போகிறவரின் ஹாஸ்டல் கட்டணத்தையும் கட்டலாம் என்று சொல்லப்போகிறேன். "நாளைக்கு அவர் நம் கட்சிக்காரர் மேலேயே கேஸ் போட்டால், கட்சிக்காரருக்கு நீ என்ன சொல்வாய்?" என்று கேட்பார்கள். கூட்டம் அடுத்த வாரம். அதற்கு என்ன சொல்வது என்று இன்னும் எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.